தூளி கட்டிய உத்தரம்

குழந்தையின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பவுடர் என்று நினைத்துத் துடைத்தேன். விரலில் நெறுநெறுத்தது. தூளிச் சேலையின் மடிப்புக்குள்ளும் அதே பொடி கிடந்தது. எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு.

மேலே பார்த்தேன். உத்தரம் எப்போதும் போலக் கறுப்பாக, அசையாமல் இருந்தது. அதில் அடித்திருந்த இரும்பு வளையமும் அப்படியேதான் இருந்தது. என் கணவரும் அவருடைய தம்பிகளும் அதே வளையத்தில் தொங்கிய தூளிகளில்தான் தூங்கினார்கள் என்று அத்தை சொல்லியிருந்தார். அந்த வளையத்தை நம்பித்தான் மூன்று மாதக் குழந்தையை அங்கே போட்டிருந்தேன். நம்பினேன் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. தினமும் போடுவதற்கு முன்னால் சேலையைப் பிடித்து என் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பேன். அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்து.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருந்த அந்த வீடு, தருமபுரியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் லைன் வீடுகளில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை, தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள் குடியிருக்கக் கட்டியதாம். பிறகு ஒவ்வொரு வீடாகக் கைமாறி, எங்கள் மாமனாரின் அப்பா காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. தெருவில் நின்று பார்த்தால் ஒரே நீளக் கட்டடம். ஒரே மாதிரி வாசல்கள், ஒவ்வொரு வாசலுக்கு மேலும் அரைவட்ட வளைவு, வளைவுக்குள் சூரியக் கதிர் போல விரிந்த மரச்சட்டங்கள். வீட்டுக்கு வீடு சந்து கிடையாது. இந்த வீட்டின் சுவர்தான் அந்த வீட்டின் சுவர்.

நான் இண்டூரில் பிறந்தவள். எங்கள் அப்பா வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் நடந்து வரலாம். இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டில் இருமினால் எனக்குத் திடுக்கென்றது. வீடு அகலத்தில் குறுகல், உள்ளே போகப் போக நீளம். முன் அறை, நடு அறை, சமையலறை, அதற்குப் பின்னால் கொல்லை. நடு அறையின் இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகள் என்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம் விழும். கூரை என்றால் ஓடு இல்லை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், அதன்மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டு இடித்து இறுக்கிய மாடி. வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மாடியும் கோடிக்குக் கோடி ஒன்றுதான். முழங்கால் உயரத் தடுப்பைத் தாண்டினால் அடுத்த வீட்டு வடகம் காயும்.

சுண்ணாம்பு ஏன் கொட்டியது என்று அன்று மாலையே தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"கண்ணு, சேதி தெரியுமா? வூட்ட இடிக்கப் போறோம். உங்க அண்ணன் மேஸ்திரிய கூட்டியாந்து மாடிய தட்டிப் பாத்துட்டாரு. இனிமே காங்கிரீட்டு போட்ட மோல்டு வூடு!"

"முழுசாவா இடிக்கிறீங்க?"

"கூரைய மட்டும்தான். செவுரு இருக்கும். செவுரு உங்களுதும்தானே, அத இடிச்சா நீ சும்மா வுடுவியா?" என்று சிரித்தார். "பொண்ணு பிரசவத்துக்கு வரப்போ, எலி ஓடுற சத்தம் கேக்காம படுக்கணும்னு ஆசப்பட்டா. ஓசூர்ல அவ இருக்கறது மோல்டு வூடாச்சே. இங்க வந்தா மூக்க சுளிக்கிறா."

நானும் சிரித்தேன். உள்ளே வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டு நடு அறையில் ஓர் ஊஞ்சல் உண்டு. அக்காவின் கணவரான அண்ணன் ரயில்வே வேலை முடிந்து வந்ததும் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் ஆடும்போதெல்லாம் எங்கள் பக்கத் தூளிச் சேலையில் ஒரு நடுக்கம் ஓடும். கையை வைத்தால்தான் தெரியும். அதனால் அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் தூளி கட்டினால் இரு பக்கத்து வீடுகளுக்கும் சர்க்கரை கொடுத்துச் சொல்வார்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் அவர்கள் ஊஞ்சல் ஆட மாட்டார்கள், உரல் இடிக்க மாட்டார்கள். தூளி தொங்கும் உத்தரத்தில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்களான நாங்களும் கொடுத்தோம், அவர்களும் கொடுத்தார்கள். அது சாமி விஷயமில்லை, சுவர் விஷயம்.

ஆனால் நடுக்கம் எப்படி இந்தப் பக்கம் வருகிறது? அதைத்தான் நான் யோசித்தேன். அவர்கள் உத்தரமும் எங்கள் உத்தரமும் தனித்தனி மரமாக இருந்தால், இரண்டின் முனைகளும் அந்தக் கனத்த சுவருக்குள் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். அவர்கள் தங்களுடையதை உருவினால் எங்களுக்கு ஒன்றுமில்லை. சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் ஒரே மரமாக ஓடினால்? கயிறு கட்டி இழுக்கும்போது எங்கள் கூரை என்ன ஆகும்?

கணவரிடம் கேட்டேன். அவருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை.

"அவ்ளோ நீளத்துக்கு மரம் எங்கே கிடைக்கும்?" என்றார்.

"அந்தக் காலத்துல கிடைச்சிருக்கும்ங்க. நடுங்குதே, கையை வச்சுப் பாருங்க."

கையை வைத்துப் பார்த்தார். "சுவர் வழியா அதிரும். ரயில் போனாகூடத்தான் அதிருது."

அதுவும் உண்மைதான். நான் படித்த பெண். பள்ளி இறுதி முடித்து டைப்பிங் வரை போனவள். ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று எனக்கே தெரியும். மறுநாள் அக்காவை ஊஞ்சலில் ஆடச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் தூளிச் சேலையில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சாவி ஆடியது. ஆடியதா, நான் கட்டிய விதத்தில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததா? அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அரிசியைக் குழைய விட்டேன். அத்தை தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பிசைந்து சாப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அத்தையிடமும் கேட்டேன்.

"இது துரை கட்டின வூடும்மா," என்றார். "எத்தினி மழ பாத்துது. இந்த உத்தரத்துக்குக் கீழதான் நாலு புள்ள வளத்தேன். நீ என்னாத்துக்கு மேலயே பாத்துக்கினு கெடக்கற? புள்ளயும் உன்னாட்டமே மேலயே பாக்குது பாரு."

பார்த்தேன். குழந்தை உண்மையிலேயே மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

இண்டூருக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து வந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மறுபடி போகிறேன் என்றால் அத்தை என்ன நினைப்பார்? குழந்தைக்கு ஞானஸ்நானமும் வைத்திருந்தோம். பயம் என்று காரணம் சொன்னால், எதற்குப் பயம் என்பார்கள். எதற்கு என்றால் என்னிடம் இருந்தது ஒரு சாவிக்கொத்து.

கடைசியில் என் கணவரே பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசினார். உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் காரையைக் கொஞ்சம் கொத்திப் பார்த்துவிட்டு இறக்கலாமே என்று. அண்ணன் கையை விரித்தார். "செவுத்துல ஓட்ட போட்டா உங்க பக்கம்தான் பேந்து வுழும். அப்பறம் நான்தான் பூசித் தரணும்பீங்க. உருவறப்போ நீயும் இரு தம்பி, மெதுவா உருவலாம்." உருவுவதற்குத் திங்கட்கிழமை என்று பேச்சு.

மேல்தளத்தை இடிக்கத் தொடங்கினார்கள். காரையைக் கடப்பாரையால் பெயர்க்கும் ஒவ்வொரு குத்தும் எங்கள் சுவர் வழியாக வந்தது. மாதா படம் ஆணியில் சாய்ந்தது. நிமிர்த்தி வைப்பேன். மறுபடி சாயும். குழந்தையை முன் அறையில் பாயில் போட்டேன். பிறகு அங்கேயும் அதே போல உத்தரம் ஓடுவதைப் பார்த்துக் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். கொல்லையில் தூசி. தெருவில் வெயில். அந்த ஒரு வாரம் குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே இடம் தேடி அலைந்தேன். வேலையாட்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். புரியாததால் எல்லாமே எங்கள் கூரையைப் பற்றிய பேச்சாக எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை. கணவர் முந்தைய நாளே ஆபீஸ் வேலையாகச் சித்தேரி மலைக்குப் போயிருந்தார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது.

"அக்கா, என்ன விசேஷங்க?" என்று குரல் கொடுத்தேன்.

"இன்னைக்கே உத்தரத்த எறக்கிடறோம் கண்ணு. ஐயரு சொல்லிட்டாரு, இத வுட்டா மார்கழி பொறந்துடுதாம், தை வரைக்கும் கை வைக்கக் கூடாதாம். நடு ரூம்பு உத்தரம்தான் மொதல்ல. மஞ்ச துணி கட்டி வச்ச மரமாச்சே, பூச போட்டுத்தான் எறக்கணும்."

"திங்கக்கிழமைன்னு சொன்னீங்களே."

"அது தெரியாம சொன்னது. இப்ப நேரத்த மாத்த முடியுமா?"

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் மூடிக்கொண்டது. பூஜை போட்டு, நேரம் பார்த்து, சூல்கொண்ட மகளுக்காகச் செய்யும் காரியம். அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று 'வேண்டாம்', 'நிறுத்து' என்று ஒரு சொல் விழுந்தால் அந்தச் சொல்லே அபசகுனம். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று என்றால், என் வாய் என்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். அவர்கள் சகுனத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா?

குழந்தையைத் தூக்கி அத்தையிடம் கொடுத்தேன்.

"கொஞ்ச நேரம் எதிர்ல புங்கமரத்தடியில உக்காருங்க அத்தை."

"எதுக்கு? தெருவுல உக்காந்தா ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டுங்க அத்தை."

நான் அப்படிப் பேசியதில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

திரும்பி உள்ளே வந்தேன். தூளிச் சேலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அடுப்படிக்குப் போய் அம்மியிலிருந்து குழவிக்கல்லை எடுத்தேன். வெறும் தூளி ஆடக் கூடாது, குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். குழந்தை இல்லாத நேரத்தில் தூளி தொங்க வேண்டியிருந்தால் குழவிக்கல்லைப் போட்டு வைப்போம். அதைத்தான் செய்யப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தூளி கட்டப் போகிறேன்.

பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். நடு அறையில் கூரையே இல்லை. நான் ஒருநாளும் பார்த்திராத வெயில், சுவர்களில் பழைய சுண்ணாம்பு அடுக்கடுக்காகத் தெரிய அடித்தது. சட்டங்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. உத்தரம் மட்டும் வானத்துக்குக் குறுக்கே ஒற்றையாகக் கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் துணி. ஊஞ்சல் போய்விட்டது, கொக்கிகள் இருந்தன. வேலையாட்கள் கொல்லைப் பக்கம் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அண்ணனும் முன் அறையில் கற்பூரத் தட்டோடு இருந்தார்கள்.

சாய்த்து வைத்திருந்த ஏணியில் ஏறினேன். கொக்கியில் சேலையைக் கோத்து முடிந்தேன். கீழே இறங்கிக் குழவிக்கல்லை உள்ளே வைத்தேன். சேலை கனத்து இறங்கி, லேசாகச் சுழன்று நின்றது. முடிச்சு சரியாக விழுந்ததா என்று இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன்.

மேஸ்திரி கயிற்றோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னங்கம்மா... தூளி கட்டிக்கீது? புள்ள உள்ளயா இருக்குது?"

அக்கா ஓடி வந்தார்.

"அடி பாவி, இடிஞ்ச வூட்டுல புள்ளயவா போட்ட?" என்று சேலையை விலக்கிப் பார்த்தார். குழவிக்கல்லைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தூ... மொளகா வாட அடிக்குது உன் புள்ளைக்கு!"

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நல்ல காரியத்துல இப்பிடி குறுக்க வந்து நிக்கறியேம்மா. படிச்ச பொண்ணு நீ."

"நான் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா," என்றேன். "தூளிதானுங்க கட்டினேன்."

"அத அவுத்துடு மொதல்ல."

நான் நகரவில்லை. அண்ணன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "தூளியில நாங்க கை வைக்க மாட்டோமுங்க, அது பொம்பளைங்க சமாச்சாரம்," என்று கயிற்றைக் கீழே போட்டார். அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"நீ அவுத்துடுடி."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "நான் அவுக்க மாட்டேன். எம் பொண்ணு மாசமா இருக்கா. கட்டின தூளிய நான் அவுக்கறதா? அவ என்னா கேக்கறா? செவுத்த கொத்திப் பாரு, அப்பறம் இழுன்றா. ஒரு வாரமா அதத்தான சொல்றா. கொத்திப் பாத்தாதான் என்னா?"

"நேரம் போயிடும்."

"கொத்தறதும் உத்தரத்துல கை வைக்கறதுதான். நேரத்துக்குத் தொட்டாச்சுன்னு ஆயிடும். கொத்துங்க மேஸ்திரி."

உளியை வைத்து உத்தரத்தின் முனையைச் சுற்றிக் கொத்தினார்கள். காரை விழ விழ நான் எங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு எங்களை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

நான் நினைத்ததும் இல்லை, என் கணவர் நினைத்ததும் இல்லை. ஒரே மரமும் இல்லை, தனித்தனியாகவும் இல்லை. அவர்கள் உத்தரத்தின் முனையும் எங்கள் உத்தரத்தின் முனையும் சுவருக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. இரண்டையும் சேர்த்து அகலமான இரும்புப் பட்டை ஒன்று சுற்றி, முடுக்கி இருந்தது.

"இழுத்திருந்தா எங்க வீடு என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பட்ட அத்துக்கினு வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. அறாம இருந்தா, அப்ப என்னா ஆவும்னு சொல்ல முடியாது. ஆவாமயும் போயிருக்கலாம்."

அந்தப் பதிலை நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியாத ஒரு பொருளை வைத்திருப்பது போல.

தூளியை நானே அவிழ்த்தேன். உத்தரத்தை உருவாமல், சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு ரம்பத்தால் அறுத்தார்கள். மற்ற உத்தரங்களையும் அப்படியே. ரம்பம் ஓடும்போது நான் புங்கமரத்தடியில் அத்தை பக்கத்தில் நின்றேன். அவர் குழந்தையை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்திருந்தார். "சிரிச்சாங்களா அத்தை?" என்றேன். "சிரிச்சாங்க," என்றார். "நானும் ஒரு வாட்டி சிரிச்சேன்."

சனிக்கிழமை வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணும் ஆயிருக்காது," என்றார். பிறகு ஏணி வாங்கி வந்து, எங்கள் வீட்டு உத்தரங்கள் சுவரில் நுழையும் இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஒட்டடை அடிக்கிறவர் போல் கையை மாற்றினார்.

பக்கத்து வீடு பங்குனிக்குள் எழும்பிவிட்டது. கம்பி கட்டி, ஜல்லி கலந்து, ஒரே நாளில் மோல்டு போட்டார்கள். லைனில் அது ஒன்று மட்டும் தட்டையாக, ஒரு படி உயரமாக நின்றது. வாசல் வளைவையும் எடுத்துவிட்டுச் சதுரமாக வைத்துக்கொண்டார்கள். உள்ளே மட்டும் வெள்ளைச் சுவரிலிருந்து அறுபட்ட தேக்கு முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா ஒன்றில் காலண்டரும் ஒன்றில் அண்ணனின் குடையும் மாட்டி வைத்தார். எங்கள் பக்கம் நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது. தூளியில் கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டை தளர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்த மறுநாள், அக்கா கையில் சர்க்கரைத் தட்டோடு எங்கள் வாசலில் நின்றார். மகிழ்ச்சியான முகமாக இல்லை.

"கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சு. மோல்டு போடறப்போ ஃபேனுக்குக் கொக்கி வச்சாரு உங்க அண்ணன். தூளிக்கு வைக்க மறந்துட்டாரு. இப்ப அதுல ஃபேன் சுத்துது. மோல்டுல ஓட்ட போட்டா ஒழுவுமாம், மேஸ்திரி முடியாதுன்றான். அறுத்த கட்டையில கட்டினா புள்ள செவுத்துல முட்டுது. எந்தப் புள்ளைக்காக வூட்ட இடிச்சோமோ அதுக்குத் தூளி கட்ட எடமில்ல பாரு."

அத்தை உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமுவது கேட்டது.

"உன் உத்தரத்துல ஒரு எடம் குடு," என்றார் அக்கா. "பகல்ல மட்டும். எம் பொண்ணு பக்கத்துல உக்காந்துக்குவா."

அதே உத்தரத்தில் எங்கள் வளையத்துக்கு அப்பால் இன்னொரு வளையமும் இருந்தது. இரண்டு குழந்தை கனம் தாங்குமா? ஒரு காலத்தில் எத்தனையோ தாங்கியிருக்கும். அப்போது அந்தப் பக்கத்து மரமும் முழுதாக இருந்தது. இப்போது அது ஒரு முழக் கட்டை. பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, பூசிய சுவரை யார் கொத்துவார்கள்?

"கட்டுங்கக்கா," என்றேன்.

அக்காவின் மகள் சேலையோடு வந்தாள். அவள் வளையத்தில் கோத்து முடிந்து, குழந்தையை எடுக்கத் திரும்பினாள். நான் முந்திக்கொண்டு சேலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, கால்களை மடக்கி, என் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கினேன். அவள் திகைத்துப் பார்த்தாள். மேலிருந்து ஒன்றும் கொட்டவில்லை.

"என்னங்கக்கா பண்றீங்க?"

"இரு," என்றேன். அடுப்படிக்குப் போய்க் குழவிக்கல்லை எடுத்து வந்து, என் குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில் அவள் தூளியில் வைத்தேன். "ஒரு மணி நேரம் போகட்டும். அப்புறம் புள்ளயப் போடு."

அவள் மறுபேச்சு பேசாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் மேலே பார்க்க ஆரம்பித்தாள்.